சாட்சிக் கதைக்கு மறுப்பு எழுதும் முறை

திருவல்லிக்கேணியில் ஒரு மாடி அறையில் மாதம் இரண்டு ஞாயிறுகள் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில், சில ஆண்டுகளுக்கு முன்பு, அமெரிக்க மார்மன் எழுத்தாளர் ஒருவரின் அனுபவக் குறிப்பை எடுத்து வாசித்தோம். தம் சபையின் கொள்கைகளுக்காக வாதாடுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் அவர். பாலைநிலச் சாலையில் இரவில் தம் கார் நின்றுபோனதையும், எங்கிருந்தோ வந்த ஒரு முதியவர் அதைச் சரிசெய்து கொடுத்ததையும், நன்றி சொல்லத் திரும்பியபோது அம்முதியவரைக் காணவில்லை என்பதையும் அவர் விரிவாக எழுதியிருந்தார். மனைவி கட்டிக் கொடுத்த சாண்ட்விச்சில் என்ன இருந்தது என்பது முதல் காரின் நிறம் வரை அவர் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. நாங்கள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சிரித்தோம். சாண்ட்விச்சைப் பற்றிச் சிரித்தோம். மனைவியைப் புகழும் பாங்கைப் பற்றிச் சிரித்தோம். எந்தக் கதையிலும் தாமே நடுநாயகமாக நிற்கும் அவருடைய வழக்கத்தைப் பற்றிச் சிரித்தோம்.

எல்லாம் ஓய்ந்த பிறகு, மூலையில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர், “சரி, அவர் சொன்னதில் எது பிழை என்று ஒரே வாக்கியத்தில் யாராவது எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டார். பதினோரு பேர் இருந்தோம். ஒருவராலும் எழுத முடியவில்லை. அக்குறிப்பின் கடைசி வரியில், இந்த நிகழ்ச்சி தம் சபையின் உண்மைக்கு மேலும் ஒரு சான்று என்று அவர் எழுதியிருந்தார். எங்கள் சிரிப்புச் சத்தத்தில் அந்த வரியை யாரும் கவனிக்கவே இல்லை. மறுக்க வேண்டிய ஒரே வரி அதுதான். சமயத்துக்காக வாதாடுபவர்களின் சொந்தக் கதைகளை எப்படி வாசிப்பது, எப்படி மறுப்பது என்பதை அன்று முதல் நான் முறையாகப் பழகத் தொடங்கினேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். மார்மன்களை வைத்து விளக்குகிறேன் என்றாலும், நம் தெருவில் கேட்கும் சாட்சிகளுக்கும் தல மகிமைகளுக்கும் இது பொருந்தும்.

முதலில், கதை சொல்பவரின் சமயத்தில் கதைக்கு என்ன இடம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மார்மன் என்று ஊரார் அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையை ஜோசப் ஸ்மித் 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் நிறுவினார். அதற்குச் சில நாட்கள் முன்பு, மார்ச் மாதத்தில், பால்மைரா என்ற ஊரின் அச்சகம் ஒன்றில், அவர்கள் வேதமாகக் கொள்ளும் மார்மன் புஸ்தகம் 5000 படிகள் அச்சாகி வெளிவந்திருந்தது. அந்நூலின் இறுதிப் பகுதியான மொரோனி பத்தாம் அதிகாரத்தில் ஒரு வாக்குறுதி உண்டு: இந்நூல் உண்மையா என்று நேர்மையான மனத்தோடு கடவுளிடம் கேட்பவருக்குப் பரிசுத்த ஆவியின் வல்லமையால் அது வெளிப்படும் என்பதே அது. 1829-இல் ஸ்மித்தின் எழுத்தராக இருந்த ஆலிவர் கௌடரிக்குத் தரப்பட்டதாக அவர்கள் நம்பும் இன்னொரு வெளிப்பாடு, எண்ணியது சரியானால் நெஞ்சு கனன்று எரியும் என்று சொல்கிறது. ஆக, ஒரு மார்மனுக்குத் தன் நெஞ்சில் நேர்ந்ததைச் சொல்வது வாதத்தின் மேல் தூவும் மசாலா அல்ல; அதுவே வாதத்தின் அடித்தளம்.

மாதத்தின் முதல் ஞாயிறன்று இரண்டு வேளை உண்ணாதிருந்து, ஆராதனையில் யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்வது அவர்கள் வழக்கம். சாட்சி சொல்லச் சொல்லத்தான் சாட்சி உறுதிப்படும் என்று அச்சபையின் அப்போஸ்தலர்களுள் ஒருவரான பாய்ட் பேக்கர் கற்பித்தார். 1983-இல் அச்சான அவருடைய அந்த உரை இன்றும் அவர்களிடையே பேசப்படுகிறது. சிறு வயது முதல் இத்தகைய மேடையில் வளர்ந்தவர் எழுத உட்காரும்போது, காணாமற்போன சாவியும் நின்றுபோன காரும் அவருக்குச் சான்றுகளாகத் தோன்றுவதில் வியப்பில்லை. இதை அறியாமல் ‘இவ்வளவு அற்பமான விஷயத்தை எழுதுகிறாரே’ என்று கேட்பவர், வேற்றூர்ச் சந்தையில் நம்மூர்ப் படியை வைத்து அளப்பவரைப் போன்றவர். எழும்பூரிலோ வியாசர்பாடியிலோ பெந்தெகொஸ்தே கூட்டத்துக்குப் போய் ஒருமுறை சாட்சி நேரத்தில் அமர்ந்திருந்தால் இது இன்னும் தெளிவாக விளங்கும்.

அடுத்து, மறுக்கப் போகும் கதையை உங்கள் சொந்த நடையில், எழுதியவரே படித்தால் ‘ஆம், நான் சொன்னது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதிப் பாருங்கள். இது தமிழுக்குப் புதிய ஒழுங்கு அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரை எழுதியபோது, தம் கொள்கையைக் கூறும் சுபக்கத்தைத் தனியாகவும், பிறர் கொள்கைகளை ஆராயும் பரபக்கத்தைத் தனியாகவும் வகுத்தார். பரபக்கத்தில், கண்ணால் காண்பதை மட்டுமே நம்பும் உலகாயதன் மதம் என்று தலைப்பிட்டு அவன் வாதத்தை முதலில் சொல்லி முடித்துவிட்டே, அதன் மறுதலையைத் தொடங்குகிறார். அவருடைய முடிவுகளை ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எதிராளி பேசி முடிக்கும் வரை நாவை அடக்கும் அந்த ஒழுங்கைத்தான் சொல்கிறேன். எழுதிப் பார்க்கும்போது, நீங்கள் சிரித்த பகுதிகளில் பெரும்பாலானவை தாமாகவே உதிர்ந்துவிடும். சாண்ட்விச் இல்லாமலேயே கதை நிற்கும். அப்படியானால் சாண்ட்விச்சைப் பற்றி உங்களுக்கு ஒரு சொல்லும் தேவையில்லை.

இதன் பிறகு பென்சிலை எடுக்க வேண்டும். இதுதான் வேலையின் உயிர்நாடி என்பதால், நானே புனைந்த ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு மெதுவாகச் செய்து காட்டுகிறேன்.

“என் மகளின் பட்டமளிப்பு நாளன்று கார்ச் சாவியைக் காணவில்லை. வீடு முழுவதும் முக்கால் மணி நேரம் தேடினோம். முழந்தாளிட்டு ஜெபித்தேன்; உடனே ஒரு பெரிய அமைதி என்னுள் இறங்கியது. எழுந்து நேரே சலவைக் கூடைக்குப் போனேன். சாவி அங்கே இருந்தது. பரலோகத் தந்தை தம் தீர்க்கதரிசிகள் வழியாக மீட்டெடுத்த சபையை இன்றும் நடத்துகிறார் என்பதை அன்று மீண்டும் அறிந்துகொண்டேன்.”

மகளின் பட்டமளிப்பு, முக்கால் மணி நேரம், சலவைக் கூடை ஆகியவை வாழ்க்கையின் பதிவுகள். அவற்றை மெல்லிய கோட்டால் அடித்துவிட்டுக் கடந்து செல்லுங்கள். ‘சாவி அங்கே இருந்தது’ என்பது உலகில் நடந்ததாகச் சொல்லப்படும் செய்தி; வேண்டுமானால் விசாரிக்கலாம், ஆனால் ஐயப்பட ஒரு காரணமும் இல்லை. சாவிகள் தொலையும், கிடைக்கும். ‘ஒரு பெரிய அமைதி என்னுள் இறங்கியது’ என்பது அவர் நெஞ்சுக்குள் நடந்தது. அதை மறுக்க உங்களுக்கு வழியும் இல்லை, உரிமையும் இல்லை; அமைதி இறங்கியிருக்கும். பதற்றத்தில் ஓடித் தேடியவர் ஓரிடத்தில் அமைதியாக மண்டியிட்டால், காலையில் துவைக்கப் போட்ட கால்சட்டையின் நினைவு மேலெழுவது இயல்பே என்று நீங்கள் விளக்கலாம். ஆனால் அது இன்னொரு விளக்கம் மட்டுமே, அவருடைய உணர்வின் மறுப்பு அல்ல.

இப்போது கடைசி வாக்கியத்துக்கு வாருங்கள். சலவைக் கூடையில் நின்ற கதை, மீட்டெடுக்கப்பட்ட சபைக்கு, அதாவது கடவுள் ஜோசப் ஸ்மித் வழியாக மீண்டும் நிறுவியதாக அவர்கள் நம்பும் சபைக்கு, ஒரே தாவலில் போய்விட்டது. இடையில் எத்தனை படிகள் விடுபட்டுள்ளன என்று எண்ணுங்கள். கடவுள் இருக்கிறார் என்பது ஒரு படி; அவர் ஜெபத்தைக் கேட்டுச் சாவி இருக்குமிடத்தை உணர்த்தினார் என்பது இன்னொரு படி; அப்படி உணர்த்தியது அந்தச் சபையின் உறுப்பினர் என்பதற்காகத்தான் என்பது மூன்றாவது; ஆகவே 1830-இல் ஜோசப் ஸ்மித் சொன்னவை உண்மை என்பது நான்காவது. கதை இந்த நான்கில் எதையும் தாங்கவில்லை. குறிப்பாக மூன்றாம் படியில் அது முறிந்துவிடுகிறது. ஏன் என்று நம்மூர்க்காரருக்கு விளக்க வேண்டியதே இல்லை.

வண்டலூரை அடுத்த ரத்னமங்கலத்தில் அரைக்காசு அம்மன் கோயில் இருக்கிறது. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அரைக்காசு நாணயத்தில் பொறிக்கப்பட்ட பிருகதாம்பாளே அரைக்காசு அம்மனாக வழிபடப்படுகிறாள். பொருள் தொலைந்தால் அவளை நினைத்து வெல்லம் வைப்பதாக வேண்டிக்கொள்வது தமிழ்நாட்டு வீடுகளில் எத்தனையோ தலைமுறையாக இருக்கும் வழக்கம். என் பாட்டி மூக்குத்தித் திருகைத் தொலைத்துவிட்டு, “அரைக்காசம்மா, உனக்கு வெல்லம் வைக்கிறேன்” என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அது அரிசிச் சம்படத்தின் அடியில் மின்னியதை நானே பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அத்தை, கத்தோலிக்கர், தொலைந்த பொருளுக்குப் புனித அந்தோணியாரை வேண்டுவார், அவருக்கும் கிடைத்தது. மூவருக்கும் நெஞ்சில் அமைதி இறங்கியது, மூவருக்கும் பொருள் கிடைத்தது. ஒரே வகைக் கதை மூன்று வேறு முடிவுகளுக்குச் சான்றாகுமானால், அவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க அது உதவாது. மார்மன் சபைக்காக வாதாடுபவருக்கு நீங்கள் எழுதும் மறுப்பு இந்த ஒரு வாக்கியமாக இருந்தாலே போதும். இதற்குள் கேலி எங்கும் இல்லை என்பதையும், என் பாட்டியையும் அத்தையையும் கூடவே கொண்டுவந்து நிறுத்தியிருப்பதால் இதைச் சொல்லும்போது என் குரல் தானாகவே தாழ்ந்துவிடுகிறது என்பதையும் பாருங்கள்.

எல்லாக் கதைகளும் சாவிக் கதைகள் அல்ல. சில கதைகளில், நடந்ததாகச் சொல்லப்படும் செய்தியே பெரிதாக இருக்கும். அங்கே விசாரணைதான் வேலை. பால் டன் என்பவர் 1964 முதல் அச்சபையின் உயர் பொறுப்பில் இருந்தவர்; போர்க்களத்தையும் பேஸ்பால் திடலையும் பற்றிய சொந்தக் கதைகளால் இளைஞர்களிடையே பெரும் புகழ் பெற்றவர். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக ஆடியதாகச் சொன்னார். ஒக்கினாவாப் போரில் தம் உயிர் நண்பர் தம் கைகளிலேயே உயிர்விட்டதாகச் சொன்னார். 1991 பிப்ரவரியில் அரிசோனா மாநில நாளிதழ் ஒன்று வெளியிட்ட செய்தி, அவர் அந்த அணிக்காக ஆடியதே இல்லை என்பதையும், மாண்டதாகச் சொல்லப்பட்ட நண்பர் உயிரோடு இருக்கிறார் என்பதையும் காட்டியது. அதே ஆண்டு அக்டோபரில், தாம் எப்போதும் துல்லியமாகப் பேசவில்லை என்று ஒப்புக்கொண்டு சபையின் செய்தித்தாளில் டன் மன்னிப்புக் கடிதம் வெளியிட்டார். அவருடைய குரலின் தழுதழுப்பைப் பற்றி யாராவது பத்து ஆண்டு நையாண்டி எழுதியிருந்தாலும் இது நடந்திருக்காது. ஆவணத்தைத் தேடிப் போனதும், உயிரோடிருந்த நண்பரைக் கண்டறிந்ததுமே அதைச் செய்தன. எனவே ஊர், ஆண்டு, அணி, படைப்பிரிவு, விமானம் என்று கதையில் வரும் பிடிமானங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் எங்கே சரிபார்க்க முடியும் என்று எதிரே எழுதுங்கள். ஒன்றையும் சரிபார்க்க முடியாதென்றால், ‘சரிபார்க்க இயலாதது’ என்று எழுதுங்கள். ‘கட்டுக்கதை’ என்று எழுத உங்களுக்கு உரிமை பிறக்கவில்லை.

டன்னின் கதை தெரிந்தவர்கள் அடுத்து வரும் எவரையும் உடனே பொய்யர் என்று சொல்லத் துடிக்கிறார்கள். இங்கேதான் மிகுந்த நிதானம் வேண்டும். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், அச்செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கினார் உளவியலாளர் உல்ரிக் நைசர். இரண்டரை ஆண்டுகள் கழித்து, அவர்களுள் 44 பேரிடம் அதையே மீண்டும் எழுதச் சொன்னபோது, 11 பேர் முக்கிய விவரங்கள் அனைத்தையும் தவறாக எழுதினார்கள். தவறாக எழுதியவர்கள் பலர் தங்கள் நினைவு சரி என்று உறுதியாகவும் நம்பினார்கள். மாதந்தோறும் மேடையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை, சொல்பவரின் நினைவிலேயே உருமாறிவிடுவதற்கு வஞ்சகம் தேவையில்லை.

இதனால்தான், ஒரே கதையின் வெவ்வேறு வடிவங்களைத் தேடி வரிசைப்படுத்துவது மிகப் பயனுள்ள வேலை. ஜோசப் ஸ்மித், இளவயதில் தமக்குக் கடவுள் தோன்றியதாகச் சொன்ன தம் முதல் தரிசனத்தை 1832, 1835, 1838, 1842 ஆகிய ஆண்டுகளில் எழுதியோ சொல்லியோ வைத்த நான்கு வடிவங்கள் உள்ளன. 1832-ஆம் ஆண்டு வடிவத்தில் பாவ மன்னிப்புக்கான ஏக்கம் முன்னிற்கிறது, ‘கர்த்தர்’ தோன்றினார் என்று மட்டும் வருகிறது. சபை வேதமாக ஏற்ற 1838-ஆம் ஆண்டு வடிவத்தில் எந்தச் சபை சரி என்ற கேள்வி முன்னிற்கிறது, இருவர் தோன்றுகிறார்கள். திறனாய்வாளர்கள் இதைக் கதை வளர்ந்ததற்கு அடையாளமாகக் காண்கிறார்கள். சபையோ, 2013-இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரே அனுபவத்தை வெவ்வேறு கேட்போருக்கு வெவ்வேறு அழுத்தத்தோடு சொன்னதாக விளக்குகிறது. நான் முதல் தரப்பின் பக்கம்தான் சாய்கிறேன். ஆனாலும் என் மறுப்பில் இரண்டாம் தரப்பின் விளக்கத்தை முழுமையாக எழுதிய பிறகே என் காரணத்தை எழுதுவேன். அதை மறைத்துவிட்டு எழுதப்படும் மறுப்பு, அவ்விளக்கத்தை முன்பே அறிந்த வாசகர் முன் ஒரு நிமிடம்கூட நிற்காது.

இனி, அந்தப் பாலைநில முதியவர். சில கதைகளை எழுதியவரைத் தனியாக விசாரித்துப் பயனில்லை, ஏனென்றால் அக்கதைகள் அவருடையவை மட்டும் அல்ல. மார்மன் புஸ்தகத்தில், மரணம் அடையாமல் உலகில் திரிய வரம் பெற்ற மூன்று சீடர்கள் வருகிறார்கள்; அந்நூல் நேபியர் என்று அழைக்கும் மக்களைச் சேர்ந்தவர்கள் அவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் யூட்டா மாநிலக் குடும்பங்களில், வழியில் தவித்தவருக்கு உதவிவிட்டு மறைந்துபோன முதியவரின் கதை அந்த மூவரோடு இணைத்துச் சொல்லப்பட்டு வருகிறது. ஹெக்டர் லீ 1949-இல் இக்கதைகளைத் தொகுத்து நூலாக்கினார். மார்மன் நாட்டாரியல் அறிஞர் வில்லியம் வில்சன் பின்னாளில், குதிரை வண்டிக் காலத்து முதியவர் எப்படி நெடுஞ்சாலையில் கார் நிறுத்தி உதவுபவராக மாறினார் என்று காட்டினார். வில்சன் அச்சபையின் உறுப்பினர். அவர் அக்கதைகளை நகையாடவில்லை. அக்குடும்பங்கள் எதை அஞ்சின, எதை நம்பின என்று அவற்றின் வழியே படித்தார்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் இருந்தவர்கள், இருட்டில் கை கொடுத்துக் கரையேற்றிய ஓர் ஆளைப் பற்றிச் சொல்லி, “யாருன்னே தெரியல, திரும்பிப் பார்த்தா ஆளைக் காணோம்” என்று முடிப்பதை நான் கேட்டிருக்கிறேன். இருட்டில், ஓடும் நீரில், அடுத்த வீட்டுக்கு விரைந்தவர் கண்ணில் படாமல் போனது நடக்கக்கூடியதே. ஆனால் அந்த இரவில் உயிர் பிழைத்தவருக்கு, அவர் பெற்ற உதவி அப்படித்தான் நினைவில் தங்கும். பாலைநிலத்தில் கார் நின்றவருக்கும் அப்படியே தங்கியிருக்கலாம். ஆகவே, ‘எனக்கே நடந்தது’ என்று வரும் கதை எதையும் மறுக்கும் முன், அதே வார்ப்பில் முன்பே கதைகள் உண்டா என்று பாருங்கள். இருந்தால், அதை எழுதியவர் திருடினார் என்று பொருள் அல்ல; ஒரு மரபு தந்த கண்ணாடி வழியே தம் அனுபவத்தைப் பார்த்தார் என்று பொருள். இது, ‘அளக்கிறார்’ என்பதைவிட வலிமையான மறுப்பு, நியாயமானதும்கூட.

உங்கள் தராசையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சாந்தோம் தேவாலயத்தின் பின்னே கடற்கரைப் படிகளின் மேல் ஒரு மரக்கம்பம் உண்டு. புனித தோமா நட்டது என்றும், கடல் அதைத் தாண்டாது என்றும் நம்பிக்கை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தேவாலயத்தைத் தொடவில்லை என்று சொல்லி அந்தக் கம்பத்தைக் காட்டியவர்கள் பலர். அதே காலையில், சற்றுத் தெற்கே சீனிவாசபுரத்தில் மீனவர் குடியிருப்பு சிதைந்தது. கம்பத்தின் கதையைச் சொல்பவர் சீனிவாசபுரத்தைச் சொல்வதில்லை. கேட்ட ஜெபத்தைச் சொல்லிக் கேட்காத ஜெபத்தை விட்டுவிடும் மார்மன் சாட்சிக்கும் இதற்கும் வேறுபாடு கிடையாது. ஒன்றைக் கேட்டுச் சிரித்துவிட்டு மற்றொன்றைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்பவர், அல்லது ஊர்ப் பழக்கம் என்பதற்காக வாய் மூடிக்கொள்பவர், மறுப்பு எழுதத் தகுதி பெறவில்லை என்பது என் உறுதியான கருத்து. யூட்டாவில் இருப்பவரை மறுக்கத் துணிவு தேவையில்லை.

மறுப்பாளரும் பிழை செய்வார் என்பதற்கு நம் அடையாறே சாட்சி. 1884 செப்டம்பரில், அப்போது இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதியில் இருந்த கிறிஸ்தவக் கல்லூரியின் இதழ், அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் நிறுவனர்களுள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரின் அற்புதங்கள் ஏமாற்று வேலை என்று காட்டும் கடிதங்களை வெளியிட்டது. அவை போலி என்றார் அம்மையார். அந்த ஆண்டு டிசம்பரில் அமானுஷ்ய நிகழ்வுகளை ஆராயும் லண்டன் கழகம் ஒன்றின் (Society for Psychical Research) சார்பில் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் நேரில் வந்து விசாரித்து, 1885-இல் அம்மையாருக்கு எதிராக அறிக்கை தந்தார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1986-இல், கையெழுத்து ஆய்வில் வல்லவரான வெர்னன் ஹாரிசன் அதே கழகத்தின் ஆய்விதழில், ஹாட்ஜ்சனின் அறிக்கை ஒருசார்பானது, கையெழுத்துச் சான்றுகளை அது கையாண்ட விதம் பிழையானது என்று எழுதினார். அதனால் அற்புதங்கள் உண்மையாகிவிடவில்லை. ஆனால் விசாரித்தவரின் அவசரமும் பதிவாகி நிற்கிறது. நீங்கள் எழுதுவதையும் நூறு ஆண்டு கழித்து ஒருவர் பூதக்கண்ணாடியோடு படிக்கலாம் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள்.

நடையைப் பற்றிச் சில சொற்கள். ‘அவர்’ என்று தொடங்கிய பத்தியில், கோபம் ஏறியதும் ‘இந்த ஆள்’, ‘ஆசாமி’ என்று இறங்காதீர்கள். தமிழில் மரியாதை குறைந்த இடத்தில்தான் வாதம் தீர்ந்துபோனது என்று வாசகர் சரியாகவே கண்டுகொள்வார். தங்களை மார்மன் என்று அழைக்காமல் சபையின் முழுப் பெயரால் அழைக்கும்படி அவர்களுடைய அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் 2018-இல் கேட்டுக்கொண்டார். நான் முழுப் பெயரை ஒருமுறையேனும் எழுதிவிட்டு, வாசகருக்குப் புரிவதற்காக மட்டும் பழைய பெயரைப் பயன்படுத்துகிறேன். எழுதியவரின் உடல், உணவு, மனைவி, பிள்ளைகள், நோய், துக்கம் ஆகியவற்றில் எதையும் தொட வேண்டாம். அவரே அவற்றை எழுதியிருந்தாலும் தொட வேண்டாம்; வீட்டுக் கதவைத் திறந்து வைத்தவர் நம்மை வரவேற்பறைக்குத்தான் அழைத்தார். தம்மைத் தாமே உயர்த்திக்கொள்கிறார் என்பதும் மறுப்பு ஆகாது. தற்பெருமைக்காரரும் உண்மை சொல்லலாம். அத்தற்பெருமை கதையின் செய்தியைத் திரித்திருக்கிறது என்று காட்ட முடிந்தால் மட்டுமே அது உங்கள் கட்டுரைக்குள் வரலாம்.

நகைச்சுவையே கூடாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். தர்க்கத்தின் தாவலைப் பார்த்துச் சிரிக்கலாம். சலவைக் கூடைக்கும் தீர்க்கதரிசிக்கும் நடுவில் இருக்கும் தொலைவு சிரிப்பை வரவழைத்தால், அது கருத்தைப் பற்றிய சிரிப்பு. நம்புகிறவரும் சில நேரம் கூடச் சிரிப்பார். சலவைக் கூடையை வைத்திருக்கும் குடும்பத்தைப் பார்த்துச் சிரிப்பது வேறு. ஐயமாக இருந்தால், அவர் எதிர் நாற்காலியில் அமர்ந்திருப்பதாக எண்ணி அந்த வரியை உரக்கப் படியுங்கள். குரல் தடுமாறினால் வரியை நீக்குங்கள்.

எழுதும் அளவும் முக்கியம். சாவிக் கதை போன்ற ஒன்றுக்குப் பத்து வரிக்கு மேல் மறுப்பு எழுதினால், கதையைவிடப் பெரிய எடையை நாமே அதற்குக் கொடுத்துவிடுகிறோம். மாறாக, பால் டன்னுடையது போன்று, ஆயிரக்கணக்கான இளைஞர் நம்பித் தம் வாழ்க்கையை அமைத்துக்கொண்ட கதைக்கு மாதக்கணக்கில் உழைப்பதும் தகும்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு, இரண்டு வாரம் கழித்து, பாலைநில முதியவரின் கதைக்கு நான் எழுதிய மறுப்பை எடுத்துக்கொண்டு ஆசிரியர் ஐயாவின் வீட்டுக்குப் போனேன். ஆறு வாக்கியங்கள் எழுதியிருந்தேன். கார் நின்றதையும் ஒருவர் உதவியதையும் நான் ஏற்கிறேன். இருட்டில் ஒருவர் கண்ணில் படாமல் போவதற்கு எளிய காரணங்கள் உண்டு. மறையும் முதியவரின் கதை அவருடைய சமூகத்தில் ஒன்றரை நூற்றாண்டாக வழங்குகிறது. அதே கதை வேறு சமயங்களிலும் உண்டு. ஆகவே இந்நிகழ்ச்சி அவருடைய சபையின் உண்மைக்குச் சான்று ஆகாது. இவ்வளவு படித்தவர் இதைக்கூட யோசிக்காமல் எழுதியது வியப்பளிக்கிறது. ஐயா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தார். முதல் ஐந்து வாக்கியங்களைத் தொடவில்லை. ஆறாவதன் அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, “தம்பி, இது கதையைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா?” என்று கேட்டார். நான் அதை அங்கேயே அடித்துவிட்டு, மற்ற ஐந்தையும் அடுத்த கூட்டத்தில் வாசித்தேன்.